இணைக்கிற வேலை

எங்கள் வீட்டுத் தறியில் ஜக்கார்டு பெட்டியைத் தாங்கி நிற்பது இரும்பு ஆங்கிளால் ஆன ஒரு ஸ்டாண்டு. அதன் வலது மூலையில் பழைய வெல்டிங் விட்டுப்போனது. அம்மா தறிக்குழியில் கால் வைத்து மிதிக்கும்போதெல்லாம் மேலே பெட்டி ஆடியது. விழுந்தால் அம்மாவின் தலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் விழும். அவருக்கு வயது அறுபத்தெட்டு. அப்பா போன பிறகு தறியை விற்றுவிடலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாவோ, “இந்தப் பாவு முடியட்டும்” என்றார். பாவில் இன்னும் இரண்டு புடவை மிச்சம் இருந்தது.

ஆரணியில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சம் கிடையாது. பட்டுக்கு அடுத்தபடியாக இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை அரிசி ஆலைகள். ஆலை இருக்கும் ஊரில் இரும்பு வேலையும் இருக்கும். அளவெடுத்து, தாளில் படம் போட்டு ஒரு பட்டறைக்குப் போனேன். தாளை அவர் வாங்கவில்லை. “வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா? அனுப்புங்க, பேசிக்கிறேன்” என்றார். மறுவாரமும் போனேன். அதே பதில். ஏசவில்லை, முறைக்கவில்லை, தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்டார். நான் பேசுவது மட்டும் அவர் காதில் விழவில்லை.

நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “இது எப்போதிலிருந்து இப்படி?” என்பது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். வெல்டிங் எப்போதிலிருந்து ஆண்கள் வேலை?

*

கொல்லுப்பட்டறையைப் பற்றிக் கேட்டிருந்தால் “காலங்காலமாக” என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அதற்குச் சாதி இருக்கிறது, பரம்பரை இருக்கிறது, சாமி இருக்கிறது. வெல்டிங்குக்கு அவை எதுவும் இல்லை. மின்வில்லின் சூட்டால் உலோகத்தை ஒட்டவைக்கும் முறைக்கு ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிகொலாய் பெனார்டோஸ் உரிமம் வாங்கியது 1880களில். நாம் இன்று கடையில் வாங்கும் பூச்சு பூசிய ராடு, ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெர்க் 1900களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. ஆக்சிஜனையும் அசிட்டிலினையும் கலந்து எரிக்கும் முறையும் அதே காலத்தில்தான் வந்தது. எங்கள் ஜக்கார்டு இதைவிட மூத்தது. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு அதை அமைத்தது 1804இல்.

ஆக, வெல்டிங் நம் பாட்டிகளின் காலத்தில் வந்த தொழில். அது பிறந்தபோது ஆணுக்கு என்றோ பெண்ணுக்கு என்றோ எழுதி வைத்திருக்கவில்லை. கோடு பிறகு போடப்பட்டது. யார் போட்டார்கள் என்று தேடினால் ஆளும் தேதியும்கூடக் கிடைக்கின்றன. மற்ற பல வேலைகளில் நமக்கு இந்த வசதி இல்லை.

முதல் உலகப் போரின்போது, 1915இல், லண்டனில் பெண் வாக்குரிமைக்காக உழைத்துவந்த சங்கம் ஒன்று பெண்களுக்கு ஆக்சி-அசிட்டிலின் வெல்டிங் கற்றுக்கொடுக்கப் பள்ளி தொடங்கியது. அங்கு பயின்ற பெண்கள் விமானத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். போனவர்கள் தங்களுக்கென்று பெண் வெல்டர்கள் சங்கம் ஒன்றையும் அமைத்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ரே ஸ்ட்ரேச்சி. பின்னாளில் பிரிட்டிஷ் பெண்ணிய இயக்கத்தின் வரலாற்றை எழுதியவர் அவர்.

அந்தச் சங்கத்தின் கோரிக்கை சிக்கலானதல்ல: ஆண் வெல்டருக்கு என்ன கூலியோ அதே கூலி. போர்க்கால விதிப்படி, தேர்ச்சி பெற்ற ஆணின் வேலையை முழுதாகச் செய்யும் பெண்ணுக்கு ஆணின் கூலி தரவேண்டும். அதனால் தகராறு எல்லாம் ‘தேர்ச்சி’ என்ற ஒரு சொல்லின் மேல் வந்து நின்றது. பெண் செய்வது தேர்ச்சி பெற்ற வேலையா, அதில் ஒரு துண்டா? பெண் கை வைத்ததும் வேலை துண்டாகிவிடும். துண்டான வேலைக்குத் துண்டுக் கூலி. போர் முடிந்தது. 1919இல் போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்டுத் தரும் சட்டம் ஒன்றை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. திரும்பி வரும் ஆண்களுக்குப் பழைய வேலை உறுதி. உள்ளே வந்திருந்த பெண்களுக்கு வாசல்.

நான் தேடிய தேதிகளில் ஒன்று இது.

*

மெஷின் வாங்கினேன். கணவரிடம் சொன்னேன், அவர் கேட்டது, “எதுக்கு?” என்று மட்டும். ஸ்டாண்டைச் சரி செய்ய என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

200 ஆம்பியர் என்று பெட்டியில் அச்சிட்ட சிறிய இன்வெர்ட்டர் மெஷின். ஒரு கையால் தூக்கிவிடலாம். வீட்டுச் சிங்கிள் பேஸ் மின்சாரத்திலேயே ஓடும். அதோடு ஒரு ஹோல்டர், எர்த் கிளாம்ப், கசடு தட்டும் சுத்தி, கம்பி பிரஷ், 2.5 மில்லிமீட்டர் 6013 ராடு ஒரு பாக்கெட், தானாகக் கறுக்கும் கண்ணாடி வைத்த முகமூடி. தோல் கையுறை ஒரே அளவில்தான் இருந்தது. போட்டுப் பார்த்தால் என் விரல் முடிந்த பிறகும் அரை அங்குலம் கையுறை நீண்டது. அந்தத் தொங்கும் அரை அங்குலத்தோடு ராடைப் பிடிப்பது, கரண்டிக் காம்பைத் துணி சுற்றிப் பிடிப்பதைப் போன்றது. சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு கையுறையின் அளவே ஒரு பெண்ணிடம் இது உன் இடமில்லை என்று சொல்லிவிடும்.

கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தார். பக்கத்துத் தெரு மாமா, ராணிப்பேட்டையில் ஒப்பந்த வெல்டராக இருந்து ஓய்ந்தவர். அவர் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு முதல் பாடமே. “மொதல்ல பொடவைய மாத்தினு வா டீச்சரு” என்றார். பாலியெஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான் வேண்டும், கழுத்து வரை மூடவேண்டும், முழுக்கை வேண்டும். அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஈரத் தரையில் நிற்கக்கூடாது, செருப்பு ஆகாது, ஷூ வேண்டும். தறி இருக்கும் வீட்டுக்குள் பொறி விழவே கூடாது. பட்டும் மரமும் ஒரு நொடி தாங்காது. தோட்டத்துப் பக்கம், துவைக்கிற கல்லுக்கு எதிர்ப்புறம் எனக்கு இடம் ஒதுக்கினார்.

முதல் நாள் முழுக்க ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வராது, ஆட்டினால் வளையும், விட்டால் ராடு முழுக்கச் சிவந்துபோகும். தீக்குச்சி உரசுவதைப்போல உரசி, உரசிய வேகத்தில் ராடின் கனம் அளவுக்குத் தூக்கி, அந்த இடைவெளியை விடாமல் பிடிக்கவேண்டும். ராடு எரிந்து குறையக் குறையக் கையும் இறங்கவேண்டும். எனக்கு நான்காம் நாள்தான் ஒரு விரல் நீளக் கோடு வந்தது. கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. மாமா அதைப் பார்த்து, “சத்தத்தக் கேளு டீச்சரு. வடகம் பொரியற சத்தம் வந்தா நீ சரியாப் போற” என்றார். அன்றிலிருந்து கண்ணைவிடக் காதை நம்பினேன்.

தப்புகளும் செய்தேன். முகமூடியை மறந்து ஒரு தடவை வில்லைப் பார்த்தேன். இரவு இரண்டு மணிக்குக் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல எரிந்தது. அந்தக் காலத்தில் தாங்கள் இதற்குத் தாய்ப்பால் விடுவார்கள் என்றார் மாமா. மருத்துவர் கேட்டால் திட்டுவார்; நான் சொட்டு மருந்துதான் வாங்கினேன். ஆனால் ஒரு பிள்ளை பெற்றவள் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் பால் கொடுத்தனுப்பியிருப்பாள் என்ற நினைப்பு என்னை விடவில்லை. பெண்ணுக்கு இடமில்லாத பட்டறையிலும் பெண் எப்படியோ இருந்திருக்கிறாள்.

இன்னொரு நாள், கையில் கிடைத்த துத்தநாகப் பூச்சுக் குழாயை அப்படியே பற்றவைத்தேன். வெள்ளைப் புகை வந்தது. சாயங்காலம் குளிரும் காய்ச்சலும். பூச்சு உள்ள இரும்பை, பூச்சைச் சுரண்டாமல், காற்றில்லாத இடத்தில் தொடக்கூடாது என்பதை உடம்பு கற்றுக்கொண்டது. இதைப் படித்துவிட்டு மெஷின் வாங்கப்போகும் பெண்கள் இந்த இரண்டையும் என்னைப்போல அனுபவித்துத்தான் அறியவேண்டும் என்பதில்லை.

*

இரண்டாம் உலகப் போரில் கதை திரும்பவும் நடந்தது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் இன்றிருக்கும் வாட்டர்லூ பாலம் போர்க்காலத்தில் கட்டப்பட்டது. ஆண்கள் போர்முனையில் இருந்ததால் பெண்கள் வந்து கட்டினார்கள். அவர்களில் வெல்டர்களும் இருந்தார்கள். 1945 டிசம்பரில் பாலத்தை முறைப்படி திறந்துவைத்த அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், பாலத்தைக் கட்டிய ஆண்களை வாழ்த்தினார். பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கட்டிய நிறுவனத்தின் பதிவேடுகளும் பிறகு கிடைக்கவில்லை. ஆற்றில் படகு ஓட்டியவர்கள் மட்டும் அதைப் ‘பெண்கள் பாலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாய்வழியாக வந்த அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வரலாற்றாசிரியர் கிறிஸ்டின் வால் தேடினார். பாலத்தில் பெண்கள் வெல்டிங் செய்யும் பழைய ஒளிப்படங்கள் ஒரு பத்திரிகையின் சேகரிப்பிலிருந்து அவருக்குக் கிடைத்தன. எழுபது ஆண்டுகள் கழித்து, 2015இல், பாலத்தைப் பற்றிய அரசுப் பதிவில் பெண்கள் சேர்ந்தார்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ரிச்மண்ட் நகரத்துக் கைசர் கப்பல் கட்டும் தளங்களில், ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டர்களாக இருந்தார்கள். அந்த நான்கு தளங்களிலிருந்தும் போர் முடிவதற்குள் 747 கப்பல்கள் வெளிவந்தன. கப்பலை முழுசாகக் கட்டாமல் துண்டு துண்டாகத் தரையில் கட்டி ஏற்றியதால், கிடையாகக் கிடக்கும் தகடுகளை இணைக்கச் சில வாரங்களிலேயே கற்றுக்கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள். இதற்குள்ளும் படிநிலை இருந்தது. கொதிகலன் தொழிலாளர் சங்கம் கறுப்பினத்தவரை முழு உறுப்பினராக ஏற்காமல் துணைச் சங்கத்தில் தள்ளிவைத்தது. கறுப்பினப் பெண்ணுக்கு இரண்டு கதவுகள் அடைத்திருந்தன. சாதி அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. போர் முடிந்ததும் தளங்கள் மூடப்பட்டன. பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சுவரொட்டியில் முண்டாசு கட்டிய பெண் மட்டும் மிஞ்சினாள்.

இந்த வரலாறுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு 1915லேயே விடை கிடைத்துவிட்டது. கைக்கு வலு இல்லை, கண் தாங்காது, பயப்படுவாள் என்பதெல்லாம் தேவை வரும்போது காணாமல் போகின்றன. தேவை தீர்ந்ததும் திரும்பி வந்துவிடுகின்றன.

*

நம் பக்கத்துக் கதைக்குப் போர் தேவைப்படவில்லை. காகிதமே போதுமானதாக இருந்தது. சென்னையில் பிறந்த அ. லலிதா பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் நான்கு மாதக் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தந்தையின் துணையோடு அங்கேயே மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் பெற்றார். பயிற்சிக்காக ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு இருந்தார். பக்ரா நங்கல் அணையின் மின் கடத்தல் வேலைகளிலும் பின்னர் பங்கெடுத்தார். கிண்டியில் முதன்முதலாகப் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தபோது சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்து ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். வாசல் திறந்திருந்தது, ஆனால் அச்சுக்கூடத்தில் யாரும் பெண்ணை எதிர்பார்க்கவில்லை.

1948இல் விடுதலை பெற்ற இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது என்றது அதன் 66ஆம் பிரிவு. ஓடும் எந்திரத்தின் ஆபத்தான பாகங்களைப் பெண் துடைக்கவோ எண்ணெய் விடவோ கூடாது என்றது 22ஆம் பிரிவு. பாதுகாப்பு என்ற எண்ணத்தில்தான் எழுதினார்கள். ஆனால் ஷிப்ட் முறையில் ஓடும் ஆலையில் இரவு வேலை பார்க்க முடியாத ஆளை முதலாளி வெல்டராக எடுப்பாரா? ஓடும் எந்திரத்தைத் தொடக்கூடாதவளைப் பிட்டராக எடுப்பாரா? ஆபத்தை எந்திரத்திலிருந்து எடுக்காமல், பெண்ணை எந்திரத்திலிருந்து எடுத்தார்கள். இரவு வேலைத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2000 டிசம்பரில்; பெண்களின் பாதுகாப்புக்கு நிர்வாகம் செய்யவேண்டியவற்றையும் பட்டியலிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ்தான் நம் ஐ.டி.ஐ.கள் வந்தன. மகளிர் ஐ.டி.ஐ.கள் வந்தபோது அவற்றில் நெடுங்காலம் முன்னால் நின்ற பிரிவுகள் தையல், பூவேலை, சுருக்கெழுத்து. பின்னர் கணினி. வெல்டர் பிரிவு ‘பொது’ ஐ.டி.ஐ.யில் இருந்தது. பொது என்றால் யார் என்று ஆரணியில் எந்தப் பெண்ணும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

*

இதற்கிடையில், என் வீட்டுக்குள்ளேயே ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

அம்மா பாவு பிணைக்கிறவர். தறியில் ஒரு பாவு முடிந்ததும், பழைய பாவின் நுனியில் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து முறுக்கவேண்டும். ஒரு பாவில் நாலாயிரம் இழைக்குக் குறையாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஓர் இழைகூட மாறாமல், முடிச்சு தெரியாமல், அச்சுப் பல்லில் சிக்காமல் முறுக்கிச் சேர்ப்பார். இழை மாறினால் புடவை முழுக்க அது கோடாகத் தெரியும். எங்கள் தெருவில் மட்டுமல்ல, சேவூர், ஒண்ணுபுரம் பக்கத்திலிருந்தும் அம்மாவைக் கூப்பிட ஆள் வரும். அப்பா நெய்த புடவைகளிலெல்லாம் அம்மாவின் நாலாயிரம் முறுக்கல்கள் இருந்தன.

ஒரு கணக்கெடுப்புக்கு வந்தவர் அப்பாவிடம் தொழில் கேட்டார். “நெசவு.” அம்மாவிடம் கேட்டபோது அம்மாவே சொன்னார்: “அவருக்குக் கூடமாட ஒத்தாசை.” நான் அப்போது கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. நெசவாளர்களை ஒரு கணக்காகவும் துணை வேலை செய்கிறவர்களை மற்றொரு கணக்காகவும் பிரிக்கிறது. நெசவாளர்களிலேயே நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தார் சுற்றுவதும் பாவு ஓட்டுவதும் துணை வேலை. லண்டனில் 1916இல் நடந்த அதே வாதம்: முழு வேலையா, அதில் ஒரு துண்டா? அங்கே அந்தப் பெண்கள் சங்கம் வைத்துச் சண்டை போட்டார்கள். அம்மா சண்டையே போடாமல் ‘ஒத்தாசை’ என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை யார் அவர் வாயில் வைத்தார்கள் என்பதுதான் இத்தனை நாளும் நான் நடத்தியிருக்க வேண்டிய பாடம்.

*

மூன்று மாதம் பயின்றேன். பள்ளி விட்டு வந்து, சமையலுக்கு முன் ஒரு மணி நேரம். சாயங்காலத்தில் மின்னழுத்தம் இறங்கினால் ராடு பற்றாது. அன்று இரும்பை வெட்டித் தேய்க்கும் வேலை. தெருவில் பேச்சு வந்தது. “இதுல இன்னா சம்பாரிக்கப் போறீங்க டீச்சர்?” என்று பலரும் கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றதும் அவர்களுக்கு முகம் மாறியது. ஒரு பெண் தையல் கற்றால் நாலு காசு வரும் என்று விடுவார்கள். வீட்டுக் கஷ்டத்துக்காக ஆட்டோ ஓட்டினால் பாவம் என்று விடுவார்கள். காசும் இல்லை, கஷ்டமும் இல்லை, பிடித்திருக்கிறது என்பதற்காக ஒருத்தி சாயங்காலத்தில் ஒரு மணி நேரத்தை எரித்தால் அதற்கு எங்கள் ஊரில் சொல் இல்லை. தம்பிக்கு அந்தச் சொல் இருந்தது. அவன் சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது, “அவனுக்கு அதுல ஒரு இது” என்றார்கள். எனக்கு ‘ஒரு இது’ கிடைக்க நாற்பத்தாறு வயது ஆனது.

வரலாற்றில் நான் பார்த்த பெண் வெல்டர்கள் எல்லாம் தேவைக்காக அழைக்கப்பட்டவர்கள். தேவை அழைத்து வந்தது என்பதால் தேவையே திருப்பி அனுப்பவும் முடிந்தது. ஆசைக்காகக் கற்றவளை அப்படி அனுப்ப முடியாது. இதை யோசிக்கும்போது எனக்குப் புதுக்கோட்டை நினைவு வரும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர் கொண்டுவரவும் சந்தைக்குப் போகவும் சைக்கிள் உதவியது என்பது உண்மை. ஆனால் குவாரியில் கல் உடைத்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் அந்தச் சைக்கிளை வெறும் பயனுக்காக மட்டும் ஓட்டவில்லை. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இயக்கம் ஓய்ந்த பிறகும் சைக்கிள் ஓயவில்லை.

*

ஸ்டாண்டைத் தொடும் முன் மாமா எனக்குப் பரீட்சை வைத்தார். இரண்டு துண்டு ஆங்கிளைப் பற்றவைத்து, வைஸில் இறுக்கிச் சுத்தியால் அடிக்கச் சொன்னார். முதல் நான்கும் உடைந்தன. உடைந்த இடத்தைக் காட்டினார்: மேலே பளபளப்பு, உள்ளே இரும்பு கலக்கவே இல்லை, நடுவில் கசடு. ஐந்தாவது வளைந்தது, உடையவில்லை. அதேபோல் இன்னும் மூன்று செய்யச் சொன்னார். செய்தேன்.

பெட்டியை இறக்கி, ஸ்டாண்டைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். பழைய வெல்டிங்கைக் கிரைண்டரால் தேய்த்தெடுத்தேன். அதுவும் உள்ளே கலக்காத வெல்டிங்தான். யாரோ ஓர் ஆண், அவசரத்தில். 80 ஆம்பியரில் வைத்து, இரண்டு இடத்தில் டாக் அடித்து, மூலைமட்டம் பார்த்து, முழுக்க ஓட்டினேன். கசடைத் தட்டி, பிரஷ் போட்டேன். கோழி கிளறியது இல்லை. சீரான நெளிவுகள், ஒன்றின் மேல் ஒன்று.

ஆறிய பிறகு அம்மா வந்து பார்த்தார். பார்த்தார் என்பது சரியில்லை. கண் மங்கிவிட்டது, பாவில் செய்வதைப்போல விரல் நுனியால் மூட்டின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அடிப்பக்கம், எனக்குத் தெரியாத வளைவில்.

“இங்க ரெண்டு எழ உட்டுட்ட, பாரு.”

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அரை விரல் அகலத்துக்கு வெல்டிங் ஓரத்தில் ஏறாமல் பள்ளம் இருந்தது. மாமாவும் பார்த்தார். “ஆமா டீச்சரு, அம்மா சொல்றது சரி. நான் உட்டுட்டேன்” என்றார்.

தேய்த்து, திரும்ப ஓட்டினேன். ஸ்டாண்டை நிறுத்தி, பெட்டி ஏற்றும் முன் இரண்டு அரிசி மூட்டைகளை இரண்டு நாள் தொங்கவிட்டோம். அசையவில்லை. மூன்றாம் நாள் அம்மா குழியில் இறங்கி மிதித்தார். பெட்டி ஆடவில்லை.

பாவு முடிந்தது. அம்மா இப்போது அடுத்த பாவு பிணைத்துக்கொண்டிருக்கிறார். தம்பி தறியை விற்பது பற்றிப் பேசுவதில்லை. போன வாரம் கூட்டுறவுச் சங்கத்துப் படிவம் ஒன்றை நிரப்ப உட்கார்ந்தேன். ‘தொழில்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். இந்த முறை நான் கேட்டேன்: “என்னம்மா எழுதட்டும்?”

சாம்பல் தொட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார், “பிணைக்கிறவ-ன்னு எழுது.”

அப்படியே எழுதினேன்.